திண்டுக்கல் டவர்

போன வாரம் வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் ஒரு காவலரின் தோளில் வாக்கிடாக்கி கரகரத்தது. கொடைக்கானல் வண்டி ஒன்று முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் மாட்டிக்கொண்டு நின்றது. அவர் பொத்தானை அழுத்தி ஏதோ கேட்டார், விட்டார், காதைச் சாய்த்துக் காத்திருந்தார். பதில் வரவில்லை. வெறும் இரைச்சல். வாணலியில் எண்ணெய் காய்கிற சத்தம், தூரத்து மழை தகரத்தின் மேல் நடந்து வருகிற சத்தம். கேள்வி புறப்பட்டுப் போய்விட்டது, பதில் இன்னும் கிளம்பவில்லை, அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருக்கிறார். கையில் கொய்யாப் பையோடு நானும் அப்படியே நின்றுவிட்டேன். "என்னக்கா, மயக்கமா? செத்த நேரம் நெழல்ல உக்காருங்க" என்றாள் கொய்யா விற்கிறவள். மயக்கம்தான், வெயில் மயக்கம் இல்லை. அந்த இரைச்சலை நான் வேறொரு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். என் நாத்தனார் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி "க்ர்ர்ர்" என்று அதை உண்டாக்குவாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே என் பதிலுக்காகக் காத்திருப்பாள். திண்டுக்கல்லில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில், விமான நிலையமே இல்லாத ஒரு ஊருக்கு அப்போது நான்தான் டவர்.

நாத்தனார் என்றால் என் கணவரின் தங்கை. பப்புவா நியூ கினியா என்ற நாட்டில் சின்ன விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவள். என் மாமியாருக்கு அந்தப் பெயர் இன்றுவரை வாயில் நுழையவில்லை. "எம்மக பப்பு நாட்டுல பிளேன் ஓட்டுறா" என்பார். கேட்பவர்கள் பொருட்காட்சி ராட்டினத்தை நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். உண்மையில் அவள் ஓட்டியது மலைக்குப் பின்னால் மலை நிற்கிற ஊர்களுக்கு. சாலை கிடையாது. சரிவில் வெட்டிய புல்தரைதான் ஓடுதளம். மேட்டைப் பார்த்து வந்து இறங்க வேண்டும், பள்ளத்தைப் பார்த்து ஓடிக் கிளம்ப வேண்டும். காபிக்கொட்டை மூட்டை, கத்துகிற பன்றிக்குட்டி, பிரசவ வலி எடுத்த பெண், எல்லாம் ஒரே விமானத்தில். இதையெல்லாம் அவள் சொல்கிற தொனி, ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்கு முருங்கைக்காய் லாரி அனுப்புகிற என் கணவர் தொழில் பேசுகிற தொனிதான். அண்ணனும் தங்கையும் சாப்பிட உட்கார்ந்தால் லோடு பேசுவார்கள். "எம்புட்டு ஏத்துவ?" "அது காத்தப் பொறுத்துண்ணே." வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிடும். ஒரு மனுஷி தன் வாழ்க்கையின் பாரத்தைக் காற்றோடு பேசித் தீர்மானிக்கிறாள், அதை ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டே சொல்கிறாள்.

அவள் வேலை பார்த்த நிறுவனம் மூடப்பட்டது. இரண்டு பெட்டிகளோடு வீடு வந்து சேர்ந்தாள். பறந்த பறத்தலெல்லாம் அவளுடையதுதான், அதை யாரும் பிடுங்க முடியாது. ஆனால் அந்த நாடு கொடுத்த உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே விமானம் ஓட்டிப் பிழைக்க முடியாது, அதை இந்த நாட்டு உரிமமாக மாற்ற வேண்டும் என்பதை அவள் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். நம் வானத்தின் சட்டதிட்டங்களில் பரீட்சை, நம் மழையிலும் மேகத்திலும் பரீட்சை. கண், காது, இருதயம் என்று ஆளையே பிரித்துக் கோக்கிற மருத்துவச் சோதனை. "ஆமாம், இது நாங்கள் கொடுத்ததுதான்" என்று அந்த நாட்டு அலுவலகம் இந்த நாட்டு அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். ரேடியோவில் முறையாகப் பேசத் தெரியுமா என்று ஒரு தேர்வு. எல்லாம் முடிந்த பிறகு, பக்கத்தில் ஒரு தேர்வாளரை உட்காரவைத்துப் பறந்து காட்ட வேண்டும். மாமியாருக்கு இது பொறுக்கவே இல்லை. "வருசக்கணக்கா சோறாக்குனவளப் போயி அரிசி களையத் தெரியுமான்னு கேப்பாகளாக்கும்?" அவள் சிரித்தாள். "அடுப்பு வேறம்மா. கேக்கத்தான் செய்வாக." அவ்வளவு உயரம் போய் வந்தவள் முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி பென்சில் சீவி உட்கார்ந்ததைப் பார்க்க எனக்குப் புல்லரித்தது. நானாக இருந்தால் கோபத்தில் பாதி மலையை இடித்திருப்பேன்.

எழுத்துப் பரீட்சைகளை ஒவ்வொன்றாகத் தாண்டினாள். மிச்சம் இருந்தது ரேடியோத் தேர்வும் கடைசிப் பறத்தலும்தான். ஆடி பிறந்திருந்தது. மேற்கிலிருந்து வருகிற காற்று ஊரையே பெயர்த்துக்கொண்டு போகிற மாதம். காய்ந்த துணி எடுக்க ஒரு சாயங்காலம் மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தொட்டியின் வயிற்றில், பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் வரைந்த வட்டமுள் கருவிகள் ஒட்டியிருந்தன. அவள் கால்களுக்குக் கீழே இரண்டு செங்கல். வலது கைப்பக்கம் செம்பருத்தித் தொட்டியில் ஒரு குழிக்கரண்டி செங்குத்தாக நட்டிருந்தது. இடது கையில் ஒரு பானை மூடி. கண்கள் மூடியிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. பாதி வந்ததும் அது எங்கேயோ ஒளிந்துகொண்டது. கரண்டியை அவள் மெல்ல முன்னால் தள்ளினாள். முதுகு நாற்காலியில் அழுந்தியது. உதடுகள் அசைந்தன, ஒவ்வொன்றாக எதையோ தொட்டன விரல்கள், ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு குமிழைத் திருப்பின, மறுபடி அதே ஒன்றுமில்லாத இடத்துக்குப் பிசகாமல் திரும்பி வந்தன. இடப்பக்கம் சாய்ந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், இடப்பக்கம் மலைக்கோட்டைப் பாறை எழும்பியது, வலப்பக்கம் சிறுமலை தாழ்ந்தது. தோல் பதனிடும் கொட்டகைகளின் வாடை, கொடியில் படபடக்கிற வேட்டி, கீழே வண்டிகளின் அலறல், எல்லாமே தரையில் தங்கிவிட்டன. துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விழுந்துவிடக் கூடாதே என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மாடிப்படியில் மாமியாரின் குரல் ஏறி வந்தது. "ஏத்தா, குழிக்கரண்டியக் காணோம், பாத்தியா?"

கண்ணைத் திறக்காமலே அவள் சொன்னாள். "அது இப்பப் பறந்துக்கிட்டிருக்கும்மா. எறங்குனதும் தாரேன்."

எல்லா விமானிகளும் இப்படி நாற்காலியில் பறந்து பழகுவார்கள் என்று பிறகு விளக்கினாள். கைக்கும் வாய்க்கும் வரிசை மறக்கக் கூடாது, விமானம் கையில் இல்லாத நாட்களில் இதுதான் விமானம். "மதினி, சும்மாத்தான நிக்கிறீங்க. டவரா இருங்க" என்றாள். எனக்கு அந்த இங்கிலீஷ் ராகம் வராது தாயி என்றேன். "டவருக்கு ராகம் எதுக்கு? தெளிவாப் பேசுனாப் போதும்." இப்படித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். நான்குவழிச் சாலையில் வளைவில்லாத ஒரு துண்டு எங்கள் ஓடுதளம் ஆனது. அவள் முதலில் யாரைக் கூப்பிடுகிறாள் என்று சொல்வாள், பிறகு தான் யார் என்று, பிறகு எங்கே இருக்கிறேன், என்ன வேண்டும் என்று. "திண்டுக்கல் டவர், விக்டர் டேங்கோ…" விக்டர் என்றால் 'வி', டேங்கோ என்றால் 'டி', நம் நாட்டு விமானங்களின் பெயர் அந்த இரண்டு எழுத்தில்தான் தொடங்குமாம். வேறு நாட்டு எழுத்துகளிலேயே இத்தனை காலம் பறந்தவள், விக்டர் டேங்கோ, விக்டர் டேங்கோ என்று புது மருமகள் புகுந்த வீட்டுப் பெயரைச் சொல்லிப் பழகுகிற மாதிரி சொல்லிப் பார்த்துக்கொள்வாள். நான் பதில் சொன்னதும், சொன்னதை அப்படியே முழுதாகத் திருப்பிச் சொல்வாள். சரிதானா என்று காத்திருப்பாள். அதுதான் முறை, உயிர் அதில்தான் இருக்கிறது என்றாள். எனக்கு அது புதிது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வீட்டில் நான் சொன்னது எதையும் யாரும் திருப்பிச் சொன்னதில்லை.

ஒரு நாள், அவள் பறந்த மலைகளில் டவர் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"டவரா? அங்க ஏது டவர். ஒரு ஓலைக் கொட்டகைதான். அதுவும் சில எடத்துல இருக்காது."

"அப்ப யார்கிட்டக் கேட்டு எறங்குவ?"

"கேக்க மாட்டேன். சொல்லுவேன். நான் இங்ஙன இருக்கேன், இந்த மலையத் தாண்டிட்டேன், இப்பத் திரும்புறேன், இந்தா எறங்குறேன்னு."

"யாருக்குச் சொல்லுவ?"

"யாருக்குமில்ல மதினி. மேகத்துக்குள்ள வேற யாராச்சும் இருந்தா கேட்டுக்கட்டும்னு."

அன்று சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. மேகத்துக்குள் ஒருத்தி. கீழே பள்ளத்தாக்கு தெரியவில்லை. கேட்கிற ஆள் ஒருவரும் இல்லாமலே, நான் இங்கே இருக்கிறேன், நான் இப்போது திரும்புகிறேன் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறாள். பதிலுக்கு அந்த இரைச்சல் மட்டும். கதை எழுதுகிறவள் நான், பிரார்த்தனை என்ற சொல்லை நிறையத் தடவை எழுதியிருக்கிறேன். அதை மறுபடி எழுதக் கொஞ்ச காலம் கூச்சமாக இருந்தது.

ரேடியோத் தேர்வுக்குச் சென்னைக்குப் போனாள். காதில் ஹெட்போனை மாட்டி உட்காரவைத்து, தேர்வாளரே டவராக இருந்து பேசுவார். நன்றாகத்தான் போயிருக்கிறது. இறங்குகிற நேரத்தில், இன்னொரு விமானம் முன்னால் இருக்கிறது, நீ அங்கேயே காத்திரு என்று சொல்லியிருக்கிறார். இவளும் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே, இதோ திரும்புகிறேன், இறங்குகிறேன் என்று அறிவித்துவிட்டாள். அனுமதி யாரும் தரவில்லை. ஹெட்போனில் செத்த நேரம் இரைச்சல் மட்டும். பிறகு, தேர்வு முடிந்தது, நீங்கள் போகலாம் என்ற குரல்.

காலை ரயிலில் வந்து இறங்கி, அடுப்படியில் நின்றுகொண்டே எங்களிடம் சொன்னாள். தேர்வாளரைக் குறை சொல்லவில்லை. "நெசத்துல நடந்திருந்தா இந்நேரம் ரெண்டு பிளேனும் மோதியிருக்கும் மதினி" என்று மட்டும் சொன்னாள். இட்லியைப் பிட்டவள் பாதியில் நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆமா, இம்புட்டு நாள்ல ஒரு தடவயாச்சும் என்னய எறங்காத, பொறுன்னு சொல்லியிருக்கீங்களா நீங்க?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிற பெண் கேட்டதை மருமகள் மறுக்கிற வழக்கமில்லை. நாத்தனாருக்குக் காப்பி என்றால் காப்பி, என் பெட்டியில் இருக்கிற சேலை பிடித்திருக்கிறது என்றால் அந்தச் சேலை. நாக்கு அப்படியே பழகிப்போயிருந்தது. இறங்க அனுமதி வேண்டும் என்று அவள் முடிப்பதற்குள், வா தாயி என்பதை இங்கிலீஷில் சொல்லிவிடுவேன். எந்த விமானமும் வராத, காற்று திசை மாறாத, மேகம் மறைக்காத, அவ்வளவு இணக்கமான டவர் உலகத்தில் எந்த ஊரிலும் இருந்திருக்காது. கேட்காமலே இறங்கிப் பழகியவளுக்கு, கேட்கும் முன்னே கொடுக்கிறவள் துணை.

"நாத்தனாருக்குப் பயந்த டவரு!" என்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறியது. தலையில் தட்டிக்கொண்டே நானும் சிரித்தேன். சிரிப்பு ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "இனிமே நாத்தனான்னு பாக்காதீங்க மதினி. தடுங்க. வெளையாட்டில்ல."

விளையாட்டு இல்லைதான். வடகிழக்கு மலை ஊர்களுக்குச் சின்ன விமானம் ஓட்டுகிற ஒரு நிறுவனம் அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அடுத்த தேர்வு வரைக்கும் காத்திருப்போம், அதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பறக்காமல் இருக்க இருக்க விமானியின் அனுபவமும் பழசாகிக்கொண்டே போகும், நாற்பதை நெருங்குகிறவளுக்கு இன்னொரு இடம் இப்படிக் கிடைக்காது. சின்ன மாமனார் ஒருவர் அதற்குள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் அவளுக்கு நாற்காலி பார்த்து வைத்திருந்தார். நல்ல வேலைதான். அந்த நாற்காலி பறக்காது, அவ்வளவுதான்.

முதல் மறுப்பு லேசில் வரவில்லை. சாயங்காலம் அவள் வழக்கம்போல் வந்து இறங்க அனுமதி கேட்டாள். என் நாக்கு முன்னால் ஓடியது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். "நெகட்டிவ்" என்றேன். கிணற்றுக்குள்ளிருந்து வந்தது குரல்.

"டவர், கேக்கல."

"நெகட்டிவ்! ஹோல்டு!"

பக்கத்து மாடியில் புறாக்களை அடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, சாய்ந்து, சுற்ற ஆரம்பித்தாள். பிளேன் நின்றால் விழுந்துவிடும், அதனால் வானத்தில் காத்திருப்பது என்றால் சுற்றுவதுதான் என்று அவள்தான் சொல்லித் தந்திருந்தாள். ஒரு பக்கம் நேராகப் போய், வளைந்து, திரும்பி, மறுபடி வளைந்து, அதே இடத்தின் மேல் வர வேண்டும். காற்று தள்ளும், அதற்கும் கணக்குப் போட்டு மூக்கை ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். கண்ணை மூடியபடி அவள் அத்தனையையும் செய்தாள். ஒவ்வொரு நாளும் நான் அவளைக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிறுத்தி வைத்தேன். ஒவ்வொரு நாளும் என் குரல் கொஞ்சம் மேலே வந்தது.

அப்படி ஒரு நாள், சுற்றிக்கொண்டிருக்கும்போது, மூட்டு வலியோடு படி ஏறி மாமியார் வந்துவிட்டார். "யாரு இங்ஙன நின்னு அதட்டுறது?" என்றவர் என்னைப் பார்த்ததும் திகைத்தார். "நீயா? எம்மகளையா?"

"அவ காத்திருக்கா அத்தே. இன்னொரு பிளேன் எறங்குது."

மாமியார் உண்மையாகவே நெற்றியில் கையை வைத்து வானத்தை அண்ணாந்து பார்த்தார். "ஒரு பிளேனயுங் காணோம். எம்புட்டு நேரந்தான் புள்ள சுத்துவா, சோறு ஆறுது. எறங்கச் சொல்லுத்தா."

நாற்காலியில் இருந்தவளின் கை அசங்கவில்லை. ஆனால் அவள் காத்திருந்தது அம்மாவின் சொல்லுக்கா என் சொல்லுக்கா என்பது எனக்குத் தெரிந்தது. 

"முடியாது அத்தே" என்றேன். "இங்க டவர் நாந்தான்."

காற்று ஒரு சுற்றுச் சுற்றிப் போயிற்று. கொடியிலிருந்து ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் பறந்தது. எடுக்க யாரும் அசையவில்லை. மாமியார் என்னை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் எத்தனையோ தடவை நான் தலை குனிந்திருக்கிறேன், அன்று குனியத் தோன்றவில்லை, அவ்வளவு வேலை இருந்தது எனக்கு. கடைசியில் அவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தார். "அதுஞ் சரித்தான். நீ சொல்றப்பவே எறங்கட்டும்."

கொடைக்கானல் மலைகளுக்குப் பின்னால் சூரியன் போய்க்கொண்டிருந்தது. வத்தலக்குண்டு சாலையில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சமவெளி முழுக்கத் தென்னைகள் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. எங்கள் தலைக்கு மேலே, அந்தச் சிவப்பில், அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் இருக்கிறாள் என்று கண் சொன்னது, நான் கண்ணை நம்பவில்லை. ஒரு மனுஷியை ஆகாயத்தில் என் ஒரு சொல் தாங்கிக்கொண்டிருந்தது. மலைகளுக்கு நடுவே யாருமற்ற வெளியில் தன் குரலை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு இறங்கியவள், இங்கே இன்னொருத்தியின் குரல் வரும் வரை வளைந்து வளைந்து பொறுத்திருந்தாள். கேட்காமல் இறங்குவதற்குத் தைரியம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். இறங்கத் தெரிந்தவள் காத்திருப்பதற்கு அதைவிடப் பெரிய எதுவோ வேண்டியிருந்தது. அதற்கு என்ன பெயர் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "கிளியர்டு டு லேண்டு" என்றேன். அவள் திருப்பிச் சொன்னாள். கரண்டி மெல்லப் பின்னால் வந்தது. சக்கரம் தரையைத் தொட்ட நொடியில் மாமியார் வாளியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது தேர்வில் அவளைத் தடுத்தார்கள், அவள் சுற்றினாள். வெளியே வந்ததும் என்னைத்தான் முதலில் கூப்பிட்டாள். "டவர்" என்றாள், அப்புறம் போனில் அந்த இரைச்சல் மட்டும் கேட்டது. கடைசிப் பறத்தலை வேறொரு ஊரில் முடித்தாள்.  இறங்கிய பிறகு பக்கத்தில் இருந்த தேர்வாளர், மலையில் ஓட்டியிருக்கிறாயா என்று மட்டும் கேட்டாராம். உரிமம் கைக்கு வந்த அன்று அதை வாங்கிப் புரட்டிப் பார்த்த மாமியார், இவ்வளவு சின்னதுக்கா இத்தனை பாடு என்றார். பிறகு முந்தானையால் துடைத்து மகள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். இப்போதும் காற்றடிக்கிற சாயங்காலங்களில் மாடிக்குப் போனால் என்னை அறியாமல் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் துணி எடுக்கிறேன். யாராவது சுற்றிக்கொண்டிருந்தால், என் சொல்லுக்குக் காத்திருந்தால்.

அவளை வழியனுப்ப நானும் என் கணவரும் திண்டுக்கல் ரயில் நிலையத்துக்குப் போனோம். அவர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். நிலையத்தில் கொடைக்கானல் பூண்டு மூட்டைகளின் வாசனை. பெட்டிகளை ஏற்றிவிட்டு அவள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போதும் எதையாவது தொட்டுத் திருப்பிக்கொண்டிருக்கும் அந்த விரல்கள் அன்று சும்மா இருந்தன.

"ஒரு தடவ அங்கிட்டு வாங்க மதினி. மேகத்துக்குள்ள கூட்டிட்டுப் போறேன். நெச மேகம்."

"வரலாந்தான்" என்றேன். "ஒங்க அண்ணங்கிட்டக் கேக்கணும்."

வண்டி நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன். இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக, தெளிவாக அவள் சொன்னாள்.

"கேக்காதீங்க மதினி. சொல்லிட்டு வாங்க."